குழந்தையை அழைத்து வாருங்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



பொன்விழாக் குழுவினர் இன்று நம்மைப் பேசக் கேட்டுக்கொண்ட பொருள் குடும்ப செபமாலையின் மேன்மை. அதைப் பற்றி நவநாள் மறையுரைகளில் பலமுறை பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். இன்றைக்கு வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். குழுவினரும் பெருந்தன்மையோடு இசைந்தனர்.

காரணம் இதுதான். சென்ற ஓராண்டில் மூன்று குடும்பங்கள் தனித்தனியே பங்கு இல்லத்திற்கு வந்தன. மூவரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கூட்டம் கலைந்து, வாசலில் நின்ற வண்டிகளெல்லாம் போன பிறகே வந்தார்கள். ஒருவர் வீடு மந்திரிக்கத் தேதி கேட்டார். மற்றொருவர் கல்லறைத் திருநாள் பற்றி ஏதோ கேட்டார். எழுந்து விடைபெறும் வேளையில், வாசற்படியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, வந்த காரியத்தைச் சொன்னார்கள். “சாமி, பையனுக்கு நாலு வயசு முடியப் போகுது. இன்னும் அம்மான்னு கூப்பிடல.” மூன்று வீட்டாரும் ஒரே கவலையோடு வந்தவர்கள், ஊரில் தங்கள் வீட்டில் மட்டுமே இப்படி என்று மூவரும் எண்ணியிருந்தனர். அவர்களுடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடியும்தான் இதை உங்களுக்குச் சொல்லுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலக மக்களில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் எனும் நிலையோடு வாழ்ந்தவர். ஆயிரத்தைந்நூறு ஆன்மாக்கள் உள்ள ஒரு பங்கில் இக்கணக்கைப் பொருத்தினால் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளையும், ஓரிடத்தில் நில்லாத பிள்ளைகளையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும். இவர்களில் எத்தனை பேரை மறைக்கல்வி வகுப்பில் காண்கிறோம்? எத்தனை பேர் தேர்ப்பவனியில் நம்மோடு நடந்தார்கள்? மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்குப் பெண் கிடைக்காதே, மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்களே என்ற அச்சம் அவர்களை உள்ளே வைத்திருக்கிறது. அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று நாம் ஒதுக்கமாட்டோம். வரன் பேசும்போது இப்படியெல்லாம் கேட்பவர்களும் நாம்தானே.

இப்பிள்ளைகள் யாவரும் ஒரே வகையினர் அல்லர். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பிறரோடு உறவாடுவதும், உரையாடுவதும், ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றைத் தாங்குவதும் நம்மைவிட வேறாக அமைந்திருக்கும். கவனம் நில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் பிள்ளையை, வால் ஒன்றுதான் இல்லை என்று ஏசுகிறோம், அதற்கு ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். புத்திக்கூர்மை இருந்தும் எழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையை மக்கு என்கிறோம். அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கக்கூடும். அறிவு வளர்ச்சியே மெதுவாக இருக்கும் பிள்ளைகள் வேறு. ஒரே பிள்ளையிடம் இவற்றுள் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். எது எது என்று பிரித்தறிவது பங்குச் சாமியாரின் வேலையன்று. பக்கத்து வீட்டு அக்காவின் வேலையும் அன்று.

ஏன் இப்படி நேர்ந்தது என்ற கேள்விக்கு ஊரில் விடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணேறு என்பார்கள். மூதாதையர் செய்த பாவம் என்பார்கள். கிரகணத்தன்று தாய் வெளியே போனாள் என்பார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் ஆண்டவரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பாவம் செய்தவன் அவனா, பெற்றோரா என்று அவர்கள் கேட்க, இருவருமல்ல என்று ஆண்டவர் தெளிவாக மறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட கேள்வியை நாம் இன்னும் விடவில்லை.

படித்தவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் எனும் மருத்துவர், பதினொரு பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார். அப்பெற்றோரிடம் பாசத்தின் வெதுவெதுப்புக் குறைவு என்றும் அவர் குறித்தார். பின்வந்தோர் அதைப் பிடித்துக்கொண்டனர். சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு பெரிய நூலே எழுதி, பிள்ளை தனக்குள் ஒடுங்கியதற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்றார். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று ஒரு வசைப்பெயரும் எழுந்தது. இக்கருத்துள்ள பழைய நூல்களைக் குருமட நூலகத்தில் நாமும் புரட்டியதுண்டு. எத்தனை தாய்மார் இதனால் கண்ணீர் வடித்திருப்பார்கள்! பெர்னார்ட் ரிம்லண்ட் எனும் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை, இது பிள்ளையின் மூளை அமைப்பைச் சார்ந்தது என்று 1964ஆம் ஆண்டிலேயே சான்றுகளோடு எழுதிவிட்டிருந்தார். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கேனரே முன்வந்து, பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார். இன்று மருத்துவ உலகில் தாயைக் குற்றஞ்சாட்டும் அக்கொள்கைக்கு இடமில்லை. மூளை வளரும் விதத்தில் பிறப்பதற்கு முன்பே தொடங்கும் வேறுபாடு இது. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு.

தடுப்பூசியால் வந்தது என்று கைப்பேசியில் செய்தி வருகிறதே என்று ஓர் இளந்தாய் கேட்டார். 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய வதந்தி அது. அக்கட்டுரையை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் நடுங்குகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வரும் நடுக்கம் அது. அம்மூன்று குடும்பங்களில் ஒன்றோடு நாமும் துணைக்குச் சென்றோம். ஆகையால் கண்டதைச் சொல்லுகிறோம்.

பேசாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஓசைக்கு மூளை நரம்பு விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. வலியில்லை. கேள்விக் குறைபாட்டை ஆட்டிசம் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா? அதன்பின் தாயை உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை கண்டதா, வலிப்பு வந்ததா, தலை எப்போது நின்றது, எப்போது குப்புற விழுந்தது, எப்போது நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். பிள்ளை பிறந்தபோது மருத்துவமனையில் தந்த காகிதங்களை அலமாரியின் அடியிலிருந்து தேடியெடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் அது விளையாடுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துச் சென்றாலும் பெரிதும் உதவும். புதிய இடத்தில் பிள்ளை தன் இயல்பைக் காட்டாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, கேட்பதை விரலால் காட்டுகிறதா என்றும் கேட்கிறார்கள். சோறூட்டும்போது நிலாவைக் காட்டுகிறோமே, அப்போது பிள்ளை நிலாவைப் பார்க்கிறதா, அல்லது நம் கையோடு நின்றுவிடுகிறதா? தான் கண்ட காக்கையை நமக்குக் காட்ட அது விரல் நீட்டுகிறதா? ஒன்றரை வயதில் இவை வரவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. “அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சொல்வார். பாட்டியின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பாட்டியின் சொல்லைக் கேட்டு இரண்டு ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் உண்டு. மூளை விரைந்து வளரும் பருவத்தில் கழியும் ஆண்டுகள் அவை.

பிறகு பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். ஒரு பலகையில் பத்துப் பள்ளங்கள். வட்டம், சதுரம், நட்சத்திரம் எனப் பத்து மரத்துண்டுகள். அவற்றை உரிய இடத்தில் பொருத்த எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. நாம் உடன்சென்ற சிறுவன் ஒரு சொல்லும் பேசாதவன். அப்பலகையை நமக்கு முன்பே முடித்திருப்பான். அவனுடைய தந்தை அதைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார். தன் மகனுக்கு என்ன தெரியும் என்பதை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார். மதிப்பீடு என்றால் குறைகளை எண்ணுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

தாயிடமே கேட்டு அளக்கும் முறையும் உண்டு. பொத்தானைத் தானே மாட்டுகிறானா, தானே உண்கிறானா, கடைக்குப் போய் வருகிறானா என்று அன்றாட வாழ்க்கையைக் கேட்டு, சமூக முதிர்ச்சியைக் கணக்கிடுவார்கள். வைன்லாண்டு எனும் அந்த அமெரிக்க அளவுகோலை நம் நாட்டுக்கேற்ப நாகபுரியில் மாற்றியமைத்தவர் மாலின் என்பவர். ஆட்டிசத்துக்கென்று செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் 2009இல் ஓர் இந்திய அளவுகோலை உருவாக்கியது. அதில் நாற்பது கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். மொத்தம் எழுபதுக்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை இலேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமையானது. நம் பள்ளிக்கூட வழக்கப்படி கூடுதல் மதிப்பெண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இங்கே கணக்குத் தலைகீழ்.

எண்களைப் பற்றி ஒரு சொல். அறிவுத்திறனை அளக்கும் சோதனையை 1905இல் பாரிசில் தொடங்கிவைத்தவர்கள் ஆல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அவர்களுடைய நோக்கம். அறிவு மாறாத ஓர் அளவு என்று பேசியவர்களைப் பினேயே பின்னர் கண்டித்து எழுதினார். ஆகவே அறிக்கையிலுள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துத் துணிகளுக்கடியில் வைக்காதீர்கள். கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். என்னென்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை முறை, வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்போது மீண்டும் வர வேண்டும் என்பவை அங்கேதான் இருக்கும். அவை எழுதப்படாத அறிக்கையானால் எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எங்கே போவது? 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து ஆரம்பநிலை இடையீட்டு மையம் இயங்குகிறது, கட்டணமில்லை. பள்ளி வயதினருக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. தனியார் மையங்களும் பெருகிவிட்டன, நல்லவை உண்டு. ஆனால் முன்பணம் கட்டுமுன், உளவியலாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்களா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். முற்றிலும் குணமாக்கித் தருகிறோம் என்பவரிடம் பணப்பையைத் திறக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தெரிவித்துவிட்டது. நகையை அடகு வைத்து அதற்குச் செலவிட்ட வீட்டை நாம் அறிவோம்.

மதிப்பீடு பிள்ளைக்கு, ஆலோசனையோ முழுக் குடும்பத்துக்கும் வேண்டும். அறிக்கையைக் கையில் வாங்கிய தாய் அன்றிரவு உறங்குவதில்லை. தகப்பன் வளைகுடா நாட்டில் இருப்பார். தொலைபேசியில் “நீ ஒழுங்காப் பேசிப் பழக்கல” என்பார். அவர் கல்நெஞ்சர் அல்லர். தூரத்தில் இருந்துகொண்டு தாங்கமுடியாததைத் தாங்குபவர் அப்படித்தான் பேசுவார். மாமியார் ஒருபுறம். மூத்த மகளோ பன்னிரண்டு வயதில் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நால்வரையும் உட்காரவைத்துப் பேசச்செய்ய ஒருவர் வேண்டும். அவரே ஆற்றுப்படுத்துநர். அவர் அறிவுரை மழை பொழிவதில்லை. பெரும்பாலும் கேட்கிறார். கேட்டதை வெளியே சொல்வதில்லை. அவரவர் வாயிலிருந்தே வழி பிறக்கும்வரை காத்திருக்கிறார். அதற்கெனப் படிப்பும் பயிற்சியும் பெற்றவர் அவர்.

இதற்குச் சாமியார் போதாதா என்று கேட்பீர்கள். குருமடத்தில் உளவியல் நமக்கு ஒரு பாடமாக இருந்தது. ஒரு பாடம் மட்டுமே. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற ஒரு பாவம் இருக்க வேண்டும். பிள்ளை பேசாமலிருப்பது உங்கள் பாவமன்று. ஆகவே செபத்துக்கு நம்மிடம் வாருங்கள், ஆசீருக்கு வாருங்கள். பயிற்சிக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் அதற்குரியவரிடம் போங்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைத்திருப்பவர்கள் அதையும் செலுத்துங்கள். ஒன்றை முன்னிட்டு மற்றொன்றை நிறுத்த வேண்டாம்.

காணிக்கைப் பெட்டியில் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் கிடந்தது. பூசை நேரத்தில் சத்தமிடும் ஒரு பிள்ளையை வீட்டிலேயே விட்டு வருமாறு அதன் தாய்க்குச் சொல்லும்படி அதில் எழுதியிருந்தது. எழுதியவர் இங்கேயே இருக்கலாம். அவருக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். சொல்லமாட்டோம். அக்கடிதத்தைப் பற்றி அறியாமலே அந்தத் தாய் ஐந்து வாரம் கோவிலுக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்த முகங்களே அவருக்குப் போதுமானதாயிருந்தன. அப்பிள்ளை சத்தமிட்டது நம் ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் என்று பின்னர் தெரிந்தது. நம்மில் பலருக்கும் அது தாங்கவில்லை. நாம் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறோம். இடப்புறப் பெட்டியின் ஒலியைக் குறைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசைகளை இக்குடும்பங்களுக்கு விட்டுவிடுங்கள். கொடியேற்றத்துக்கு வெடி போடும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்போம். வெடியே வேண்டாம் என்பது நம் கருத்து. இளைஞர் மன்றத்தார் இன்னும் இசையவில்லை.

புதுநன்மை பற்றியும் கேட்கிறார்கள். உடலிலோ உள்ளத்திலோ குறையுள்ளவர்களுக்கு அவர்கள் நிலை இடங்கொடுக்கும் அளவுக்கு மறைக்கல்வி தர வேண்டியது பங்குக் குருவின் கடமை என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 777ஆம் எண்ணில் கூறுகிறது. ஆகவே இது நம்முடைய தயவைப் பொறுத்த காரியமன்று. மந்திரங்களை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை, இது வீட்டு அப்பம் அன்று என்பதைச் செய்கையாலாவது காட்டினால் நாம் ஏற்றுக்கொள்வோம். நாவில் ஒட்டும் அப்பத்தைச் சில பிள்ளைகளால் தாங்க இயலாது. நம் அருட்சகோதரி ஒருவர் வசீகரம் செய்யாத அப்பத்தின் சிறு துண்டைக்கொண்டு, படங்களைக் காட்டி, பல வாரம் பொறுமையாகப் பழக்கிய பின் ஒரு சிறுமி சென்ற பாஸ்கு காலத்தில் நற்கருணை வாங்கினாள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு நிலைகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். நாற்பது விழுக்காடு அல்லது அதற்குமேல் என்று சான்று பெற்றவர்களுக்குப் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்விக்கும், அரசுப் பணி ஒதுக்கீட்டுக்கும் வழியுண்டு. கற்றல் குறைபாடுள்ளோருக்குத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத உதவியாளரும் கிடைக்கும். பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்ததும், பெற்றோர் என்ற முறையில் மட்டும் நீங்கள் சட்டப்படி பாதுகாவலராக நீடிப்பதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பின் இவனுக்கு யார் என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோர் முதலில் இதைச் செய்துவையுங்கள். அவ்வறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஓராண்டில் ஓர் இலட்சம் ரூபாய்வரை கொடுக்கிறது.

பொன்விழா நினைவாக ஒரு நுழைவாயில் வளைவு கட்டத் தீர்மானித்திருந்தோம். வளைவு எளிமையாகக் கட்டப்படும். மீதித் தொகையில், உபதேசியார் குடியிருந்து இப்போது பூட்டிக்கிடக்கும் வீட்டைச் செப்பனிட்டு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவரும், சிறப்பாசிரியர் ஒருவரும் வந்திருக்க ஏற்பாடாகியிருக்கிறது. எந்தச் சமயத்தவரும் வரலாம். அங்கே மதிப்பீடு செய்யப்படாது. எங்கே செய்வது, எதைக் கொண்டுபோவது என்று சொல்லி, தேவையானால் வின்சென்ட் தே பவுல் சபையார் ஒருவர் துணைக்கு வருவார். பேருந்துக் கட்டணத்தைச் சபையே கொடுக்கும். தாய் உள்ளே பேசிக்கொண்டிருக்கும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாதா சபையிலிருந்து நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆண்களில் எவரும் இதுவரை முன்வரவில்லை.

முதல் சனிக்கிழமைக்கு ஏழு குடும்பங்கள் பெயர் கொடுத்துவிட்டன. இன்னும் ஐந்து குடும்பங்களுக்கு இடமிருக்கிறது. காலை ஒன்பதரை மணிக்கு வந்துவிடுங்கள். பிள்ளை நன்றாக உறங்கி எழுந்து, பசியாறியிருக்கட்டும். அதற்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். வளவுப் பக்கத்துச் சிறிய கதவும் திறந்திருக்கும், கோவில் வாசலும் திறந்திருக்கும். உங்களுக்கு எது வசதியோ அதன் வழியாக வரலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடமே சொல்லலாம். நாம் பூசை அறையில்தான் இருப்போம்.